முன்னெழுத்து எந்த வகை?

மும்பையின் கிழக்கு ஓரத்தில், ட்ராம்பேயை ஒட்டியுள்ள சீத்தா கேம்பில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். தாத்தா முனியாண்டி, மகன் செல்வம், பேத்தி மலர். மூவருக்கும் பெயர் உண்டு. குடும்பப்பெயர் ஒருவருக்கும் இல்லை. மகனைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் எழுத்தர் மராட்டியில் "ஆட்நாவ்?" என்று கேட்கிறார். "அப்படியொன்றும் இல்லைங்க, அப்பா பெயர்தான்" என்னும் விடைக்குரிய கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. குடும்பப்பெயர், தன்பெயர், தந்தை பெயர் என்னும் மராட்டிய வரிசையில் மூன்று கட்டங்களே உள்ளன. மூன்றும் நிரம்பியாக வேண்டும். ஆகவே மகன் 'முனியாண்டி செல்வம் முனியாண்டி' ஆகிறார். ஒரு தலைமுறை கழிந்து பேத்தி 'செல்வம் மலர் செல்வம்' ஆகிறாள். பிறகு வேறோர் அலுவலகத்தில், தந்தையின் குடும்பப்பெயர் முனியாண்டி என்றும் மகளின் குடும்பப்பெயர் செல்வம் என்றும் இருப்பது எப்படி என்ற கேள்வி எழுகிறது. நியாயமான கேள்விதான். படிவம் சொன்னதை நம்பினால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

நிரலாக்கத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: வகைப்பிழை. ஒரு செயற்கூறு ஒரு வகைத் தரவை எதிர்பார்க்க, வேறு வகைத் தரவு அதன் கையில் கொடுக்கப்படுவது. ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற செயற்கூற்று நிரலாக்க மொழிகளில் இப்பிழை நிரல் இயங்குவதற்கு முன்பே பிடிபட்டுவிடும். எதிர்பார்த்த வகை இது, வந்த வகை அது என்று நிரல்பெயர்ப்பி சுட்டிக்காட்டி நின்றுவிடும். எடின்பரோவில் ராபின் மில்னர் 1970களில் உருவாக்கிய எம்.எல். மொழியும், வகைகள் பற்றிய அவருடைய 1978ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்த மரபின் தொடக்கங்கள். வகைப்பொருத்தம் உள்ள நிரல் ஒரு குறிப்பிட்ட விதத்தில் தவறிப்போகாது என்பதே அவர் நிறுவியது.

இந்த மொழிகளைப் புதிதாகக் கற்கும் மாணவர்கள் வகைப்பிழையைக் கண்டதும் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: எல்லாவற்றையும் சரமாக மாற்றிவிடுகிறார்கள். எண் பொருந்தவில்லையா, சரமாக்கு. தேதி பொருந்தவில்லையா, சரமாக்கு. பிழைச்செய்தி மறைந்துவிடும், பிழை மறையாது. முனியாண்டியைக் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் தள்ளிய எழுத்தர் செய்ததும் இதுவே. கட்டம் கேட்பது ஒரு சரம், முனியாண்டி ஒரு சரம், பொருந்திவிட்டது. மற்றொரு வழி, மதிப்பை வளைக்காமல் அதற்கேற்ற புதிய வகை ஒன்றை வரையறுப்பது. இந்த மொழிகளின் உண்மையான வலிமை அங்கேதான் இருக்கிறது. பாடத்திட்டங்களில் அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் கடந்து செல்லப்படுவது வருத்தத்துக்குரியது.

சீத்தா கேம்பில் ஒரு பெயர் பிசகினால் என்ன ஆகும் என்பதை அவ்விடத்தின் வரலாற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976இல் அங்கிருந்த ஏறத்தாழ 70,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுக்கு மாற்றிடமாகக் காட்டப்பட்டதே சீத்தா கேம்ப். வெளியேற்றத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மக்களைத் திரட்டியவர், கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000இல், ரமோன் மகசேசே விருது பெற்றவர். தன்னுடைய இருப்பையே தாளில் நிறுவ வேண்டிய நிலை இந்நகரத்தின் குடிசைப்பகுதி மக்களுக்கு நிரந்தரமானது. மகாராட்டிர அரசின் பாதுகாப்புக்கு முதலில் 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1 என வரம்பு நாள்கள் வகுக்கப்பட்டன. அந்த நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டும் தாள் தாத்தாவின் பெயரில் இருக்கும். இன்றைய மனு பேத்தியின் பெயரில் இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள கண்ணி, தந்தையின் பெயர் எழுதப்பட்ட விதம்.

சிக்கலை அதன் மிகச் சிறிய உறுப்பிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ்ப் பெயரின் முன்னெழுத்து, அதாவது இனிஷியல், எந்த வகையைச் சேர்ந்தது? ஒரே ஓர் எழுத்துதானே, எழுத்து வகை என்று வைத்துக்கொள்ளலாம் என்றே எவரும் நினைப்பர். ஹாஸ்கெலில் எழுத்து வகையின் ஒரு மதிப்பு என்பது ஒருங்குறியின் ஒரே ஒரு குறியெண். ஆனால் 'மு' என்பதற்கு ஒருங்குறியில் இரண்டு குறியெண்கள்: மகரத்துக்கு ஒன்று, உகரக் குறிக்கு ஒன்று. 1988ஆம் ஆண்டின் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றித் தமிழ் அவ்வாறு ஒருங்குறிக்குள் கொண்டுவரப்பட்டது. ஆகவே ஒற்றை மேற்கோள் குறிக்குள் 'மு' என்று எழுதினால், வகைச் சோதனை வரைகூடச் செல்லாமல், வாசிக்கும்போதே நிரல்பெயர்ப்பி மறுத்துவிடுகிறது.

அது மறுப்பதுகூட நல்லது. மறுக்காத இடம்தான் ஆபத்தானது. சரத்தின் முதல் உறுப்பைத் தரும் செயற்கூற்றிடம் 'முனியாண்டி' என்ற பெயரைக் கொடுத்தால் 'ம' என்று விடை வரும். வகைகள் பொருந்துகின்றன, ஒரு முணுமுணுப்பும் இல்லை. முனியாண்டி மகன் செல்வமும், அதே சந்தில் வசிக்கக்கூடிய மாரியப்பன் மகன் செல்வமும் இப்போது இருவருமே 'ம. செல்வம்'. இரண்டு மனிதர்கள் ஒருவராகிவிட்டனர். (ஆங்கில 'எம்' இந்த வேறுபாட்டை எப்போதோ விழுங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மு. செல்வமும் மா. செல்வமும் ஆங்கிலத்தில் தொடக்கத்திலிருந்தே ஒருவர்தான்.) மில்னரின் தேற்றம் இங்கே காப்பாற்றாது. பிழை கணக்கில் நேரவில்லை. எழுத்து என்றால் என்ன என்ற தீர்மானத்தில் நேர்ந்திருக்கிறது.

திருத்தம் தமிழ் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது. பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த கணக்கு அது:

வகை தமிழெழுத்து = உயிர் | மெய் | உயிர்மெய் (மெய், உயிர்) | ஆய்தம்

நிலைக்கோடு 'அல்லது' எனப் பொருள்படும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 18ஐ 12ஆல் பெருக்க 216, ஆய்தம் 1, கூட்டினால் 247. நிரலாக்கக் கோட்பாட்டில் இவற்றை இயற்கணிதத் தரவு வகைகள் என்பர். 'அல்லது' வருமிடத்தில் மதிப்புகளின் எண்ணிக்கை கூடும், 'மற்றும்' வருமிடத்தில் பெருகும் என்பதாலேயே அப்பெயர். எடின்பரோவிலேயே, 1980 அளவில், ஹோப் என்னும் மொழியில் இவ்வசதி உருப்பெற்றது. ஹாஸ்கெல் உள்ளிட்ட பின்வந்த மொழிகள் அதை எடுத்துக்கொண்டன. நெடுங்கணக்கைக் கட்டமாக வரைந்து சுவரில் மாட்டிய திண்ணைப் பள்ளி, பெருக்கல் வகை ஒன்றை வரைந்து மாட்டியிருந்தது எனலாம். இலக்கண ஆசிரியர்களே ஒரே வகையில் நின்றவர்கள் அல்லர். தொல்காப்பியர்க்கு முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று. நன்னூலார்க்குச் சார்பெழுத்தின் இனம் பத்து, விரி 369. எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வகை மாறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

முன்னெழுத்தின் வகையை 'எழுத்து' என்பதிலிருந்து 'தமிழெழுத்து' என்று மாற்றி எழுதியதும் நிரலெங்கும் பிழைச்செய்திகள் கொட்டுகின்றன. அச்சிடும் செயற்கூறு, வரிசைப்படுத்தும் செயற்கூறு, கோப்பிலிருந்து வாசிக்கும் செயற்கூறு என ஒவ்வொன்றும் பழைய வகையையே எதிர்பார்த்து நிற்கும். புதியவர்களுக்கு இது கலக்கத்தைத் தரும். பழகியவர்களுக்கு அது ஒரு வேலைப்பட்டியல். எந்தெந்த இடங்களில் 'மு' 'ம' ஆகிக்கொண்டிருந்ததோ அந்த இடங்களின் முழுமையான பட்டியல். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால், கடைசிப் பிழை நீங்கும்போது வேலையும் முடிந்திருக்கும்.

ஆனால் வேலை முடிவதற்குள் சந்தின் அடுத்த வீட்டிலிருந்து ஷாகுல் ஹமீது வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீத்தா கேம்பில் தமிழ் முசுலிம் குடும்பங்கள் உண்டு. 247 எழுத்துகளில் 'ஷா' இல்லை, 'ஹ' இல்லை. முனியாண்டியைக் காப்பாற்ற எழுதிய வகை ஹமீதை வெளியே நிறுத்திவிட்டது. அவர் பெயரை 'சாகுல் அமீது' என்று மாற்றிப் பதிவு செய்யலாமே என்று தனித்தமிழ் ஆர்வலர் ஒருவர் சொல்லக்கூடும். மதிப்பை வகைக்கேற்ப வளைக்கும் அந்த எழுத்தரின் வேலையைத்தான் அவரும் செய்கிறார். வகைக்குள் கிரந்த மெய் என்னும் கிளையைச் சேர்ப்பதே வழி. ஜ், ஷ், ஸ், ஹ், க்ஷ் ஐந்தையும் மெய்களோடு கூட்டினால் மெய் 23, உயிர்மெய் 276, மொத்தம் 312. 'ஸ்ரீ'யையும் ஏற்றால் 313. கிளையொன்று கூடியதும், அதைக் கையாளாமல் விட்ட செயற்கூறுகள் எவையெவை என்று, எச்சரிக்கை வசதி இயக்கப்பட்டிருந்தால், நிரல்பெயர்ப்பியே எடுத்துச் சொல்லும். யாரை மறந்தோம் என்று மனிதர் எவரும் வந்து முறையிடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அலுவலகப் படிவங்களுக்கு இல்லாத நல்லியல்பு இது.

முன்னெழுத்தின் வடிவம் இவ்வளவு. அதன் பொருள் வேறு. ஈ.வெ.ரா. என்பதில் ஈகாரம் ஊர், வெகரம் தந்தை. எம்.ஜி.ஆர். என்பதில் முதலெழுத்து மருதூர், இரண்டாவது தந்தை கோபாலன். அதிலும் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் பெயர்கள். மணமான பெண்களுக்குக் கணவர் பெயரின் எழுத்தும் வரும். எனவே முன்னெழுத்து என்பது ஓர் எழுத்து மட்டுமாக இருக்க முடியாது. ஊர், தந்தை, தாய், கணவர் ஆகியவற்றுள் எது என்னும் ஆக்கியும், அதற்குள் முழுப்பெயரும் சேர்ந்த ஒரு மதிப்பு அது. எழுத்தை அதிலிருந்து வேண்டும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம். எழுத்திலிருந்து பெயரைத் திரும்பப் பெற இயலாது.

அடுத்தது குடும்பப்பெயர். இங்கே ஹாஸ்கெல் கற்ற எவரும் முதலில் கைநீட்டுவது 'இருக்கலாம்' என்னும் ஆயத்த வகையை நோக்கி: ஒன்று உண்டு, அல்லது ஒன்றுமில்லை. டோனி ஹோர் 1965இல் தாம் புகுத்திய வெற்றுச் சுட்டியைப் பின்னாளில் நூறு கோடி டாலர் தவறு என்று வருந்திய கதை கணினியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. அதற்கு மாற்றாகப் போற்றப்படுவது இந்த வகை. ஆயினும் செல்வத்துக்கு அது போதாது. குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: பெயர் இருந்து பதிவாகாமல் போயிருக்கலாம்; அல்லது அப்படியொரு பெயரே இல்லாதிருக்கலாம். இரண்டாவதற்குத் தமிழகத்தில் ஓர் அரசியல் வரலாறும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப்பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிடத் தீர்மானித்தது. அதன் பின்வந்த தலைமுறைகளில் பலருடைய பெயரின் கடைசிக் கட்டம் வேண்டுமென்றே காலியாக்கப்பட்டது. சாதி அறிவிக்கும் கடைசிப் பெயர் பெரும்பாலும் தொடரும் ஒரு நகரத்தில், அந்த வெறுமை ஒரு செய்தி.

வகை குடும்பப்பெயர் = உண்டு (பெயர்) | இல்லை | பதிவாகவில்லை

மூன்று ஆக்கிகள். அவ்வளவே. ஆனால் உலகின் பெரிய அமைப்புகள் இந்த மூன்றில் இரண்டைக்கூட வேறுபடுத்துவதில்லை. ஒற்றைப் பெயருடைய கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா பெறுவோரின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போகிறது. முதற்பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் அச்சாகிறது. அறியப்படவில்லை என்பது பொய். பெற்றோர் வைத்தது ஒரு பெயர். அது அறியப்பட்டும் இருக்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்றது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கப்பட்டது. வகைப்பிழை விமான நிலையத்தின் முகப்பில், இயங்கும் நேரத்தில் பிடிபடுவது என்றால் இதுதான்.

உள்நாட்டிலும் ஒரே செல்வம் பல வகைகளுக்குள் வாழ்கிறார். ஆதாரில் பெயர் ஒரே நீளச் சரம். நிரந்தரக் கணக்கு எண்ணுக்கான விண்ணப்பத்தில் கடைசிப்பெயர் கட்டாயம். முன்னெழுத்தை விரித்தே எழுத வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயரைக் காலியாக விடலாம். பள்ளிச் சான்றில் மராட்டிய வரிசை. இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் நாள் வந்தது. ஆதாரோடு இணைக்கப்படாத நிரந்தரக் கணக்கு எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழக்கும் என அறிவிக்கப்பட்டது. பெயர் பொருந்தாமை அந்த இணைப்புக்குத் தடையான காரணங்களுள் ஒன்று. 'எம். செல்வம்', 'செல்வம் முனியாண்டி', 'முனியாண்டி செல்வம் முனியாண்டி' ஆகிய மூன்று சரங்களும் சமமா என்று எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டால் இல்லை என்பதே விடை. இயந்திரம் சரியாகத்தான் கணக்கிடுகிறது.

ஹாஸ்கெலின் மிக நுண்ணிய ஒழுக்கம் ஒன்று இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. புதிதாக ஒரு வகையை வரையறுத்துவிட்டு, அதன் இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்டால், நிரல்பெயர்ப்பி விடை சொல்லாது, கேள்வியையே மறுக்கும். இந்த வகைக்குச் சமம் என்றால் என்ன என்பது இன்னும் வரையறுக்கப்படவில்லை என்று நிறுத்தும். உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டால் போதும் என்றால் அதை ஒரு சொல்லில் அறிவித்துவிடலாம். போதாது என்றால் நிரலர் உட்கார்ந்து எழுத வேண்டும்: தன்பெயர் ஒன்றாக இருந்து, ஒரு பதிவின் முன்னெழுத்து மற்றதன் தந்தை பெயரிலிருந்து கணக்கிடத்தக்கதாயின், இருவரும் ஒருவராக இருக்கக்கூடும், உறுதிக்குப் பிறந்த நாள் வேண்டும். இங்கே விடையின் வகையும் மாறிவிடுகிறது. ஆம் அல்லது இல்லை என்று முடியாமல், 'ஒருவரே', 'வேறானவர்', 'மேலும் சான்று வேண்டும்' என மூன்றாகிறது. மூன்றாவது விடை இல்லாத அலுவலகத்தில் அதன் சுமை மனுதாரர் மேல் விழுகிறது: உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, ஒரு நாள் கூலி இழப்பு.

அரசும் வகையை மாற்றுவது உண்டு. 2024 மே 1 முதல் அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் சேர்க்கும் முறையை மகாராட்டிரம் கொண்டுவந்தது: தன்பெயர், தாய் பெயர், தந்தை பெயர், குடும்பப்பெயர். வரவேற்கத்தக்க மாற்றம், ஒரு பெருக்கல் வகையில் ஓர் உறுப்பு கூடியிருக்கிறது. கடைசி உறுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மலரின் பிள்ளைக்கும் 'ஆட்நாவ்' கேட்கப்படும்.

கருவியின் பக்கத்திலும் ஒரு குறை சொல்ல வேண்டும். ஹாஸ்கெலில் வகையின் பெயரும் ஆக்கியின் பெயரும் பேரெழுத்தில் தொடங்க வேண்டும் என்பது விதி. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவே கிடையாது. பேதமற்ற எழுத்துகளை அம்மொழியின் முதன்மை நிரல்பெயர்ப்பி சிற்றெழுத்தாகக் கொள்கிறது. ஆகவே மேலே எழுதிக்காட்டிய வரையறைகளை அப்படியே கொடுத்தால் ஏற்காது. 'உயிர்மெய்' என்னும் ஆக்கிக்கு முன்னால் ஆங்கிலப் பேரெழுத்து ஒன்றை ஒட்டியாக வேண்டும். வகைக் கோட்பாட்டில் தோய்ந்தவர்கள் வகுத்த மொழிக்குள்ளும் ஒரு 'ஆட்நாவ்' கட்டம் இருக்கத்தான் செய்கிறது. அக்டா என்னும் மொழியில் இந்த நிபந்தனை இல்லை.

இனி, வகையை வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் என்பது நிரலாக்கப் பாடநூல்களில் வராத கேள்வி. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த், எஸ். பி. சுரேஷ் ஆகியோர் நடத்திய ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் வழியே எவருக்கும் கிடைக்கிறது. மலர் அதைக் கைப்பேசியில் கேட்டு இந்த வகைகளையெல்லாம் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். எழுதியது அலுவலகத்தின் படிவத்தை ஒரு கட்டம்கூட நகர்த்தாது. ஆனால் அவள் வாழும் இடத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜனதா காலனியை இழந்த ஜோக்கின் அற்புதம் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். அக்கூட்டமைப்பு ஸ்பார்க், மகிளா மிலன் அமைப்புகளோடு கைகோத்து முன்னெடுத்த பணிகளுள் முதன்மையானது, மக்கள் தங்களைத் தாங்களே கணக்கெடுப்பது. மும்பையின் நடைபாதைவாசிகளைப் பற்றி ஸ்பார்க் 1985இல் வெளியிட்ட கணக்கெடுப்பு அவ்வழியில் பெயர்பெற்ற ஆவணம். அரசின் பட்டியலில் 'ஆக்கிரமிப்பாளர்' என்னும் ஒற்றை ஆக்கிக்குள் அடைக்கப்பட்டவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன வேலை செய்கிறார்கள், எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்பவை அதில் தனித்தனியே பதிவாயின. கூட்டமைப்பின் கணக்கெடுப்புகளில் வினாக்களைத் தீர்மானிப்பதிலும் வீடுவீடாகச் சென்று கேட்பதிலும் குடியிருப்பவர்களே பங்கேற்றனர். திரட்டிய விவரம் மீண்டும் குடியிருப்புக்கே கொண்டுவரப்பட்டு, அவரவர் பார்த்துத் திருத்திய பிறகே அதிகாரிகளிடம் வைக்கப்பட்டது.